‘பாட்டுடன்’ என்று எழுதிய கேசட்

அத்தையின் கல்யாண கேசட்டின் முதுகில் வீடியோக்காரர் நீல மையில் எழுதி ஒட்டியிருந்தார்: ‘திருமண வரவேற்பு – பாட்டுடன்’. கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு வேறு. அந்தக் காலத்துப் பெருமை அது. பேச்சுச் சத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டுத் தந்தால்தான் நல்ல வீடியோக்காரர். ராயபுரத்தில் அன்றைக்கு எடுத்த எந்தக் கல்யாணத்தைப் போட்டாலும் உதடுகள் அசையும், பாட்டு மட்டும் கேட்கும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. காசிமேட்டில் மீன் விற்கிறார். ஏலக்காரர்களே ஒதுங்கிப் போகும் குரல் அவருக்கு. மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கல்யாணமான ஆறாவது வருஷம், நான் பிறப்பதற்கு முன்பே, காய்ச்சலில் போய்விட்டார். எனக்குத் தெரிந்த மாமா, கிறிஸ்துமஸ்தோறும் அத்தை வீட்டு டிவியில் வருகிற மாமா. இறுக்கமான கோட்டோடு மேடையில் நிற்பார். கேமரா கிட்டே வரும்போது குனிந்து அத்தையின் காதில் ஏதோ சொல்வார். அத்தை அந்த இடத்தில் மட்டும் பாட்டுச் சத்தத்தைக் குறைப்பார். “இன்னா சொல்றாரு பாரு. பசிக்குதான்னு கேக்கறாரு.” அடுத்த வருஷம் அதே இடத்தில், “நீ ஷோக்கா கீறேன்றாரு.” போன வருஷம் வேறு சொன்னீர்களே என்று நான் மடக்கினால், “நீ இன்னா போலீஸா? சும்மா பாருடி” என்பார்.

நான் பதினொன்றாம் வகுப்பு படித்த வருஷம் அவர் சத்தத்தைக் குறைக்கவில்லை. ஊகமும் சொல்லவில்லை. “அவரு கொரலு எப்டி இருக்கும்னே மறந்து போச்சுடி” என்றார். மார்க்கெட்டையே அதட்டுகிற அந்தக் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கேசட் ஓட்டுகிற டெக் கெட்டது, கேசட் பீரோவுக்குள் போனது.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் எனக்குப் பழைய கேசட்டுகளை கம்ப்யூட்டர் வழியாக டிஸ்க்கில் ஏற்றுகிற பைத்தியம் பிடித்தது. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எனக்கு வேறு பேச்சே கிடையாது. கொருக்குப்பேட்டை பழைய சாமான் கடையில் கொஞ்சம் உயர்ந்த ரக டெக் ஒன்று அகப்பட்டது. அத்தை கேசட்டைக் கையில் தந்து, “டேப்ப அறுத்தே, உன்ன வஞ்சிரம் மாதிரி துண்டு போட்டுடுவேன்” என்றார். பிறகு எங்கோ பார்த்தபடி, “அந்தப் பாட்ட எடுத்துட்டு அவரு பேசறது வருமா?” என்று கேட்டார். “கம்ப்யூட்டர்ல எல்லாம் வரும் அத்தை” என்று சொல்லிவிட்டேன். படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். பாட்டை ஏற்றும்போதே அடியில் இருந்த பேச்சு அழிந்துவிடும் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அத்தை மார்க்கெட் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் உண்மையைச் சொன்னேன். அத்தை புடவை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். “சரி வுடு. மூஞ்சியாவது தெளிவாத் தெரியுமா?”

கடல் காற்றில் பூஞ்சை பிடித்த டேப். பஞ்சால் துடைத்திருந்தும் மாமாவின் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. அவற்றைப் போக்க டெக்கின் பொத்தானை மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தேன். படம் ஒரு குலுங்கு குலுங்கி நேரானது. பாட்டு நின்றது. ஜனக் கூச்சல், நாற்காலி இழுபடும் சத்தம், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. அப்புறம் ஒரு கரகரத்த குரல்: “ஷூ கடிக்குதுமே. எப்ப கழட்டறது?” அதற்குப் பதிலாக, காற்று போல ஒரு சின்னக் குரல்: “சும்மா நில்லுங்க, படம் புடிக்கறாங்க.”

அந்த டேப்பில் சத்தம் இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தது என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன். ஓரத்தில் ஒன்று, படத்தோடு சேர்ந்து இன்னொன்று. வீடியோக்காரர் ஓரத்தில் மட்டும் பாட்டை ஏற்றியிருக்கிறார். வீட்டு டெக்குக்கு ஓரம் மட்டுந்தான் தெரியும். நான் வாங்கிய உயர்ந்த ரக டெக், படம் நேரானதும் மற்றதையும் எடுத்துவிட்டது. இத்தனை வருஷமும் மாமா பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

இதை நான் மூச்சு விடாமல் விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தை கேட்கவில்லை. “அந்தப் பொண்ணு யாரு, நானா?” என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அது அவரு தம்பி ஷூவு. ஒரு நம்பர் சின்னது. வாணாம்னு சொன்னேன், கேக்கல மனுசன். போடு, இன்னொரு தபா போடு.”

இப்போதும் கிறிஸ்துமஸுக்கு அத்தை வீட்டில் அந்த டிஸ்க் ஓடுகிறது. அந்த இடம் வந்தால் சத்தத்தைக் கூட்டுகிறார். ஷூ விஷயம் தெருவுக்கே மனப்பாடம். பீரோவில் பழைய கேசட்டும் அதன் பக்கத்தில் டிஸ்க்கும் இருக்கின்றன. டிஸ்க்கின் உறை மேல் என்ன எழுதட்டும் என்று நான் கேட்டபோது, பேனாவைப் பிடுங்கி, கேசட்டைப் பார்த்துப் பார்த்து அத்தையே எழுதினார்: ‘திருமண வரவேற்பு – பேச்சுடன்’. அடியில் இரண்டு கோடு.