நாலாவது துளை

டிரில்காரர் பின்கட்டு அறையில் யாரையோ அடைத்து வைத்திருக்கிறார் என்று தெருவில் பேச்சு. தினமும் உள்ளேயிருந்து திட்டு கேட்கும். திட்டு வாங்குகிறவர் மூச்சு விடமாட்டார். அத்தனை பொறுமைசாலி யார் என்று பால்காரர் வீடு வீடாக எண்ணிப் பார்த்தார். ஒருவரும் தேறவில்லை.

விசாரித்தால், உள்ளே ஒரு துளையிடும் இயந்திரம், ஒரு எண்ணெய்க் கேன், அவர் தம்பி உட்காரும் முக்காலி. தம்பிதான் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அண்ணன் கைப்பிடியை அழுத்துவார். "விடுடா" என்றதும் தம்பி எண்ணெய் விடுவான். போன வருஷம் மகனோடு வேறு ஊர் போய்விட்டான். வாரம் ஒரு போன். "சாப்பிட்டியா?" "ஆச்சு." அத்தோடு சரி. தம்பி போன சேதி அண்ணனுடைய வாய்க்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

எண்ணெய் வராமல் நடுவில் நிறுத்திக் காத்திருப்பதை இரும்பு பொறுத்துக்கொள்ளும். எவர்சில்வருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. மெதுவாகச் சுற்றி, விடாமல் அழுத்தி, எண்ணெய் காயாமல் குடைந்தால் சுருள் சுருளாக வழிவிடும். நடுவில் கை தளர்ந்து, குடையும் பிட் சும்மா உரசினால், அந்த இடம் சூடேறி இறுகிவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் இறங்காது.

அன்று மாடிவீட்டுத் தையற்காரி எவர்சில்வர் தகடு ஒன்றைக் கொடுத்திருந்தாள். மிஷின் மோட்டாரைத் தாங்கும் தகடு. நாலு துளை வேண்டும். மறுநாளைக்குள் நாற்பது சீருடை தைத்துக் கொடுக்காவிட்டால் பள்ளிக்கூட வேலை கைவிட்டுப் போய்விடும்.

டிரில்காரர் புள்ளி குத்தி, தகட்டை வைஸ் இடுக்கியில் இறுக்கி, முதல் துளையைத் தொடங்கினார். "விடுடா" என்றார். கை தளர்த்திக் காத்திருந்தார். கீச்சென்றது. புகை. பிட் முனை நீலம் பாரித்தது.

"தூங்கிட்டியாடா கழுதை!"

"யாரைண்ணே திட்டுறீங்க?" வாசலில் தையற்காரி.

"தகட்டை."

"தகட்டுக்குத் தூக்கம் வேற வருமா?"

அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். கேனை அவளே எடுத்துக்கொண்டாள்.

"எப்ப விடணும், சொல்லுங்க."

புது பிட் மாட்டி மற்ற மூன்றையும் போட்டார்கள்.

"சொட்டும்மா, சொட்டு! குளிப்பாட்டவா சொன்னேன்?"

"உங்க தகடு அழுக்காத்தான் இருக்கு."

கருகிய முதல் துளையில் மட்டும் புது பிட்டும் வழுக்கியது. "மூணு போதும்ணே," என்று தகட்டை வாங்கிக்கொண்டாள். "நான் உக்காந்திருக்கிறதே மூணு கால்லதானே? நாலாவது உங்க பாக்கி."

சீருடைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

தகட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கமிருந்து குடைந்தால் ஐந்து நிமிஷ வேலை. அது டிரில்காரருக்கு அன்றைக்கே தெரியும். படியில் பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்கிறாள்:

"அண்ணே, பாக்கி?"

"அதுக்குன்னு தனி பிட் வரணும்மா."

"எங்கேர்ந்து வருது, நடந்தா?"

"வரும், வரும். வந்ததும் கூப்பிடுறேன், கேன் பிடிக்க ஆள் வேணுமில்ல?"