அக்கா மகளின் முதல் படம்

அந்தக் கேமரா வந்த நாளில் அலுவலகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி நிறப் பெட்டி. பிலிம் கிடையாது, எடுத்த படம் அந்த நிமிடமே பின்னால் தெரியும். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன, திருத்தணியில் ஸ்டூடியோக்காரர்களே அப்போது பிலிமைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். பழங்குடி மக்களின் உரிமை வேலைக்குக் கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வெளிநாட்டில் யாரோ புண்ணியவான்கள் எங்கள் சின்ன அமைப்புக்கு நிதி கொடுத்திருந்தார்கள். அமைப்பு என்றால் என்ன, மலையடிவாரத்தில் ஒரு மாடி அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், அதைத் தட்ட நான். நடத்திய சார் பாதி நாள் சென்னையில்தான் இருப்பார். கிருத்திகை தோறும் ஜன்னலுக்குக் கீழே காவடிக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு போகும். மேலே நான் ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். கூப்பிட்டுக் காட்ட ஆளில்லாமல், அந்தக் கேமராவில் முதல் படமாக என் சோற்று டப்பாவைத்தான் எடுத்தேன். சிரிக்காதீர்கள், அன்று எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த அறைக்கு மனுஷ வாடை என்றால் அது அக்காதான். கே.ஜி.கண்டிகைக்கு அப்பால் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர் குடும்பங்களின் சங்கத் தலைவி அவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மனு விஷயமாகப் பஸ் பிடித்து வருவார். வந்த வேலை முடிந்தாலும் உடனே எழுந்து போக மாட்டார். "தனியா குந்திகினு அந்தப் பொட்டிகிட்ட இன்னாதான் பேசுவ? துன்னியா இல்லையா?" என்று கேட்டு, மடியிலிருந்து வறுத்த வேர்க்கடலையை மேஜைமேல் கொட்டுவார். பொதட்டூர்பேட்டையிலிருந்த என் வீட்டார்கூட அப்போது என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதை விட்டிருந்தார்கள். கல்யாணம் எப்போது என்று மட்டும்தான் கேட்பார்கள்.

அக்காவின் மகள் பிளஸ் டூ தேறியிருந்தாள், அந்த ஏரிக்கரையில் அவ்வளவு தூரம் படித்த முதல் பிள்ளை. நர்ஸ் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் பழங்குடி என்று சாதிச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் அந்த இடம் அவளுக்கு, இல்லாவிட்டால் செங்கல் சூளைதான். அங்கே ஒருவரிடமும் அந்தச் சான்றிதழ் கிடையாது. குடும்பத்துக்கு ஒரு பக்கமாக, எத்தனை காலமாக இங்கே இருக்கிறார்கள், என்ன தொழில் என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, போட்டோவோடு அச்செடுத்து மனுவில் இணைக்க வேண்டும். எங்களுக்கு வந்த நிதியே அதற்காகத்தான்.

நான் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் ஊரில் போட்டோ எடுப்பதென்றால் பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத துணி வெளியே வரும். கட்டிய துணியோடு அப்படியே போய் நிற்பது, எடுப்பவருக்கே மரியாதைக் குறைவு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அண்ணியின் புடவைகள், அண்ணனின் சட்டைகள், தறியிலிருந்து இறங்கிய புது லுங்கிகள் என்று ஒரு மூட்டையே கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அக்கா மகளுக்கு என் மயில்கழுத்துப் புடவையைக் கட்டிவிட்டேன், தலையில் கனகாம்பரம். படத்தைப் பார்த்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏய், யாருடி இவ! கலெக்டரம்மா மாதிரி கீறா!" என்று அக்கா கேமராவைக் கையில் வாங்கி எல்லாருக்கும் காட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் தனியாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சான்றிதழ் தர வேண்டிய அதிகாரி தாள்களைப் புரட்டினார். அக்கா மகள் படத்தில் விரலை வைத்தார். "இது இருளர் பொண்ணா? பாத்தா அப்படியா தெரியுது? யார் காதுல பூ சுத்தறீங்க?" அக்கா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். தாள்கள் அப்படியே திரும்பி வந்தன. சாருக்குப் போன் போட்டேன். "அவங்க எப்பவும் இருக்கிற மாதிரி எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?" என்று கத்தினார். சேர்க்கைக்கு நாலு நாள்தான் இருந்தது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அந்தப் பெண்ணின் படிப்பில் மண்ணைப் போட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஏரிக்கரைக்குப் போகும்போது, இதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன். சொல்லவே தேவைப்படவில்லை. என்னைப் பார்த்ததும் அக்காவே மகளை உட்காரவைத்துப் பின்னலைப் பிரித்தார், முடியைக் கையால் கலைத்துவிட்டார். களையெடுக்கப் போகும்போது போடுகிற கிழிந்த பாவாடையைக் கொடுத்தார். "இப்ப சரியா இருக்குதாம்மா? பாத்து சொல்லு." நான் தலையாட்டினேன். அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். அலுவலகத்துக்கு வந்து படத்தை ஏற்றினேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் போட்டிருந்த எண்தான் படத்துக்கும் பெயர். அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். கேமராவில் இருந்ததையும் அழித்து, திரும்பி வந்த பழைய தாளையும் கிழித்துப் போட்டேன். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே அப்போது எனக்குக் கூச்சமாக இருந்தது, தொலையட்டும் என்றுதான் அழுத்தினேன்.

அதே அதிகாரிதான் மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். அவள் படித்தாள், முடித்ததும் வேலை கிடைத்து வடக்கே எங்கோ போய்விட்டாள். நிதி கொடுத்தவர்களுக்கு அந்த இரண்டாவது படம் ரொம்பப் பிடித்துவிட்டது. தங்கள் ஆண்டறிக்கைக்கு அதையே அட்டையாகப் போட்டார்கள், எங்களுக்கு நிதியையும் நீட்டித்தார்கள். சார் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டினார், என் நாற்காலிக்கு நேர் எதிரே.

மகள் போய்ச் சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் அக்கா வந்தார். மனு எதுவும் கொண்டுவரவில்லை. "வூட்ல ஒண்டியா கீறேன்மா. அவ மூஞ்சியப் பாக்கணும்னு கீது. ஒரு போட்டோ குடு" என்றார். சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "இது வாணாம்மா. இது அவ இல்ல. மொதல்ல எடுத்தியே, பூ வெச்சிகினு சிரிச்சிகினு இருப்பாளே, அத்தக் குடு." அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, பழைய படங்களெல்லாம் போய்விட்டன என்றேன். சொல்லும்போதே என் கண் கலங்கிவிட்டது.

"ஐய, இதுக்குப் போயி அழுவுவாங்களா? மிசினு கெட்டுப்போனா நீ இன்னா பண்ணுவ? வுடு, வுடு" என்று அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். வேர்க்கடலையைக் கொட்டிவிட்டு, துன்னு என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.