மூக்குக் கொம்பு

தொண்ணூறுகளில் லண்டனில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தை யார் பார்த்தார்கள்? யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களைப் போலவே பிள்ளைகள் நிறத்துக்கொரு இல்லமாகப் பிரிந்திருப்பார்கள்; ஒவ்வொரு இல்லமும் தன் கூடாரத்தை அலங்கரிக்கும். சண்டையெல்லாம் அதற்குக் கொடுக்கும் கேடயத்துக்குத்தான். சிவப்பு இல்லத்துக்கு என் அண்ணை பொறுப்பு. வருடாவருடம் ஒரு கப்பலைக் கட்டிவைத்து வென்றுவிடுவார். கேடயம் ஈஸ்ட் ஹாமில் அவர் வீட்டு டிவியின் மேல் இருக்கும். அதைப் பறிக்கும்வரை அந்த வீட்டில் தேத்தண்ணி குடிப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தேன்.

அந்த வருடம் எங்கள் நீல இல்லத்துக்கு என் மனுசன் டைனோசர் செய்தார். தென் லண்டன் பூங்கா ஒன்றில், விக்டோரியா மகாராணி காலத்துக் கலைஞன் ஒருவன் முழு அளவில் கட்டிய டைனோசர்கள் நிற்கின்றன. கிடைத்த நாலு எலும்பை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துணிந்து ஊகித்தவன். இவருக்கு அவன்மேல் ஒரே பைத்தியம். ‘என்ரை கூட்டாளி’ என்றுதான் சொல்லுவார். ஞாயிறு தவறாமல் போய், மூக்கில் கொம்பு வைத்த ஒன்றை வரைந்துகொண்டு வருவார். பிறகு எங்கள் பிளேஸ்டோ வீட்டுப் பின்வளவில் கோழிக்கூட்டுக் கம்பி, பழைய பேப்பர், கோதுமை மாப் பசை. முழு அளவு என்றாலும் தலையும் முன்னங்கால்களும்தான். மிச்ச உடம்பு கூடாரத்துக்குள் இருப்பதாகப் பாவனை. கொம்பு, வீதி வேலைக்கு வைத்துத் தெருவில் அநாதையாகக் கிடந்த பிளாஸ்டிக் கூம்பு. கவுன்சில் தேடி வரவில்லை.

நடுவராக வந்தவர் ஓர் உயிரியல் வாத்தியார். சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

“வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் கொம்பு பிழை. உது பெருவிரல் எலும்பு. அந்தக் காலத்தில தெரியாமல் மூக்கில வைச்சிட்டினம். புள்ளி குறைக்கத்தான் வேணும்.”

அண்ணை பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதிரையில் ஏறி, கொம்பைப் பிடுங்கி, டைனோசரின் பெருவிரலில் செருகினேன்.

“இப்ப சரியோ, சேர்?”

வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்து முழுப் புள்ளியும் போட்டார். என் மனுசன் மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டை விழுந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. ஆனாலும் ஓடிப்போய்க் கேடயத்தை வாங்கினேன்.

அடுத்த கிழமை அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணிக் கோப்பையோடு பின்வளவில் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த டைனோசரை எட்டிப் பார்த்தவர் கத்தினார்.

“என்னடி இது, கொம்பு திரும்பவும் மூக்கில நிக்குது!”

நான் அப்போதுதான் கதிரையிலிருந்து இறங்கி, கையில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மனுசன் குசினி வாசலில் வாயைத் திறந்தபடி நின்றார்.

“கேடயம்தான் வந்திட்டுதே, அண்ணை,” என்றேன். “இனி இவரின்ரை கூட்டாளி வைச்ச இடத்திலேயே இருக்கட்டும்.”