யோக்பெத் அக்காவின் நாக்கு

அடுத்தவர் சட்டியில் அகப்பையை விடுவதற்கு யோக்பெத் அக்காவுக்குக் கூச்சமே கிடையாது. காலையில் படகுத்துறைக்கு வருகிற வழியில் எந்த அடுப்படியில் புகை தெரிந்தாலும் உள்ளே நுழைந்துவிடுவாள். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். "கடல் வாசல்ல கிடக்கு, சட்டியில உப்பக் காணோமே!" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். சாகோப் பனை மாவில் கிண்டிய கூழ், எலுமிச்சை பிழிந்த மிளகாய்ச் சாறு, கைக்குழந்தைக்கு ஆற வைத்த கஞ்சி என்று எதுவும் அவளுக்குத் தப்பாது. ஒரு தடவை என் படகு எஞ்சினுக்கு வாங்கி வந்த பெட்ரோலையே விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "தண்ணி கலந்திருக்கான்டா திமோ, போய்த் திருப்பிக் கொடு" என்றாள். பாவி, கடைக்காரன் கலந்துதான் இருந்தான்.

பிழைப்பு என்னவோ மீன் புகை போடுவது. சூரை மீனை இரண்டாகப் பிளந்து மூங்கில் கவட்டையில் இறுக்கிக் கட்டி, தேங்காய் மட்டை நெருப்புக்கு மேலே சாய்த்து நிறுத்துவாள். மீன் செம்புப் பாத்திரத்தின் நிறத்துக்கு வரும்வரை பக்கத்தை விட்டு நகரமாட்டாள். அந்தப் புகை அவளுடைய தலைமுடியில், பாவாடையில், ஞாயிற்றுக்கிழமைக் கறுப்பு உடுப்பில் எல்லாம் ஏறிக் கிடக்கிறது. தேவாலயத்தில் அவளுக்குப் பக்கத்து இடம் பெரும்பாலும் காலிதான். அங்கே உட்கார்ந்தால் ஜெபத்தில் மனசு நிற்காது, பசிக்கும்.

அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, ஐஸ் ஆலை. சூரை கூட்டம் கூட்டமாக வருகிற மாதங்களில் ஊரில் உள்ள அத்தனை அடுப்பும் போதாது. துறைமுகத்தில் பாறையாக ஏற்றுகிற ஐஸ் எங்கள் தீவுக் கரைக்கு வரும்போது தண்ணீராகிவிடும். மிஞ்சிய மீனைத் தென்னந்தோப்பில் குழி வெட்டிப் புதைக்கிறோம். புதைக்கிற நாளில் அவள் யாரோடும் பேசமாட்டாள். அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்து, ஒருநாள் படகுத்துறையை ஒட்டிய புறம்போக்கில் தானே கல் அடுக்கி நாலு மூலையும் குறித்துவிட்டாள். அதற்குள் ஊர் ஆடுகள் வந்து படுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையைத் தட்டி விரட்டுவாள். "எந்திரி, எந்திரி! இது ஐஸ் ஃபேக்டரி!"

நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்கமாட்டாள்.

இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. சம்பளம் இல்லாத வேலை. எங்கள் கடலை நாங்கள் பூட்டுவோம். முனையிலிருந்து வெள்ளைப்பாறை வரைக்கும் கழி நட்டு, குருத்தோலை கட்டி, தேவாலயத்தில் ஜெபம் பண்ணிவிட்டால் சாசி, அதாவது கடல் பூட்டு, விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு அந்தத் தண்ணீரில் ஒருவரும் லோலா எடுக்கக் கூடாது. லோலா என்பது பம்பரம் மாதிரி இருக்கும் நத்தை. உள்ளே கறி, வெளி ஓடுகளை வாங்கிப் போய்ச் சட்டைப் பொத்தான் செய்கிறார்கள். அது உள்ளங்கை அளவு வளர்ந்த பிறகு கடல் திறக்கும், ஊரே மூழ்கும். தேவாலயக் கூரையும் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பும் அந்த நாலைந்து நாளில் வருவதுதான். அந்தக் கடலுக்குக் காவல்காரி யோக்பெத் அக்கா. பூட்டிய கடலில் கை வைத்தவன் எடுத்த லோலாவையே நாரில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வாசல் வாசலாக நின்று தன் தப்பைச் சொல்ல வேண்டும். போன வருஷம் போதகரின் மருமகனே நடந்தான். அன்றைக்குப் போதகருக்கு வந்த காய்ச்சல் மூன்று நாள் இறங்கவில்லை.

எங்கள் ஊர்த் தலைவருக்கு ராஜா என்று பட்டம். அரண்மனை எல்லாம் இல்லை, ஒழுகுகிற தகரக் கூரைதான். இப்போதைய ராஜா எல்கானா, யோக்பெத் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அவன்தான் முதலீட்டாளர்களை வரவழைக்க ஊரைப் பற்றி ஒரு கையேடு போட்டான். பளபளக்கிற தாளில் தென்னை, அலை, சிரிக்கிற பிள்ளைகள். 'மக்கள் இனிமையானவர்கள்' என்று ஒரு வரி.

"இனிமையா? யாரடா சொல்றே?" என்றாள் அக்கா. "அதை அடிச்சிட்டு, பூட்டின கடல்ல எவனுக்கும் பங்கு இல்லைன்னு போடு."

"இப்படி எழுதினா எவன்க்கா காசு போடுவான்?"

"போடுறவன் போடட்டும்."

அந்த வரி வரவே இல்லை. ஆனால் கையேட்டைப் பார்த்து, கடல் தாண்டி சுரபாயா நகரத்திலிருந்து ஹெர்லம்பாங் என்று ஒருவர் நிஜமாகவே வந்துவிட்டார். பத்து ஊருக்கு ஐஸ் கொடுக்கிற மாதிரி ஒரு ஆலை கட்டுவது அவர் திட்டம், இடம்தான் முடிவாகவில்லை. போன மாதம் என் படகில்தான் அவரையும் உதவியாளரையும் ஏற்றி வந்தேன். தண்ணீரைப் பார்த்தார், துறையைப் பார்த்தார், கல் அடுக்கிய மனையையும் பார்த்தார். "இங்க ஏற்கெனவே கல் போட்டிருக்கே?" என்று கேட்டார். எல்கானாவுக்கு வாயெல்லாம் பல்.

மதியச் சாப்பாடு ராஜா வீட்டில். முன்கூடத்தில் விருந்தாளிகள். நான் தண்ணீர்க் குடத்தோடு அடுக்களையில் நின்றேன். யோக்பெத் அக்கா புகைமீன் கூடையோடு பின்வாசல் வழியே வந்தாள். வந்தவள் கை சும்மா இருக்குமா? தேங்காய்ப்பால் குழம்பில் அகப்பையை விட்டு ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். முகம் மாறிப் போயிற்று.

"அகுஸ்தா, இது என்ன?"

"கணவாய் மதினி" என்றாள் ராஜாவின் மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டே.

"கணவாய் எனக்குத் தெரியாதா?"

அகுஸ்தா அழ ஆரம்பித்துவிட்டாள். கழுவுமிடத்து வாளியில் ஈரம் காயாத லோலா ஓடுகள் கிடந்தன. விடியற்காலையில் எல்கானாவே பூட்டிய கடலில் மூழ்கி எடுத்து வந்திருக்கிறான்.

அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனாள். நல்லவேளை, அங்கே இன்னும் யாரும் வாயில் வைத்திருக்கவில்லை.

"எல்கானா, எந்திரி."

"அக்கா, அப்புறம் பேசலாம். விருந்தாளி இருக்காரு."

"இருக்கிறதாலதான் இப்பவே."

அவன் எழுந்து வந்து அவள் காதோடு சொன்னான். அவள் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "உன் ஐஸ் ஃபேக்டரிக்குத்தான்க்கா மூழ்கினேன். நம்ம கடலோட ருசிய ஒரு வாய் பார்த்தாருன்னா விடமாட்டாரு. இப்ப கெடுத்துடாதே."

அவள் வாசல் வழியாகத் துறைப் பக்கம் பார்த்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "எனக்காகத்தான் செஞ்சே, தெரியும்டா" என்றாள். "ஓடுகள எடுத்துக் கோத்துக்கோ."

ஹெர்லம்பாங் எழுந்தார். "சின்ன விஷயம்தானேம்மா? எனக்காகத்தானே செஞ்சார்? விட்டுடுங்களேன்."

"ஐயா, நாளைக்கு உங்க பணம் இங்க வந்தா அதுக்கும் இதே சட்டம்தான். இப்பவே பார்த்துக்குங்க. புகைமீன் இருக்கு, சாப்பிட்டுக்கிட்டே இருங்க."

போச்சு, ஐஸ் போச்சு, இந்தப் பொம்பளை தன் வாயில் தானே மண் போட்டுக்கொண்டாள் என்று உள்ளுக்குள் திட்டினேன். இந்த வருஷத்துச் சூரையெல்லாம் குழிக்குள் போவது கண்முன்னே தெரிந்தது.

சங்கு ஊதினார்கள். ராஜா கழுத்தில் லோலா மாலையோடு கிளம்பினான். "பூட்டின கடல்ல கை வச்சேன். என்னைப் பார்த்துப் படிச்சுக்குங்க." முதல் வாசலில் சத்தமே எழும்பவில்லை. "கேக்கலை" என்றாள் பின்னால் நடந்த அக்கா. அடுத்த வாசலில் கேட்டது. ஊர் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்திக்கொண்டார்கள். புகைமீனைத் தொடாமல் ஹெர்லம்பாங்கும் கூடவே நடந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசி வாசலும் முடிந்தது. "ஐயா, காத்து ஏறுது, கிளம்பலாம்" என்றார் உதவியாளர். எல்லோரும் துறைக்கு வந்தோம். நான் எஞ்சினைக் கிளப்பினேன். ஹெர்லம்பாங் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டார்.

"இரு திமோ" என்றாள் யோக்பெத் அக்கா. "இன்னும் ஒருத்தர் பாக்கி."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அகுஸ்தா முக்காட்டை இழுத்துக்கொண்டாள். அக்கா தம்பியிடம் போய் அவன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நான் ஒரு துண்டை முழுங்கிட்டேன்."

"தெரியாமதானேக்கா?" என்றான் எல்கானா. "யாரு பார்த்தா? பேசாம இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"என் நாக்குக்குத் தெரியுமே."

துறையிலிருந்தே மறுபடி வாசல் வாசலாக நடக்க ஆரம்பித்தாள். முதல் வாசலிலேயே அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல், சட்டிக்குச் சட்டி உப்பு கேட்கிற அதே குரல். "பூட்டின கடல்ல எடுத்ததைத் தின்னேன். என்னைப் பார்த்துப் படிச்சுக்குங்க." ஹெர்லம்பாங் படகில் வைத்த காலை எடுத்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்தச் சொல்லி எனக்குக் கை காட்டினார். ஊர் முழுக்கச் சுற்றி அவள் துறைக்குத் திரும்புகிறவரை நின்ற இடத்திலேயே நின்றார்.

வேர்க்க விறுவிறுக்க வந்தவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கல் அடுக்கிய மனைக்குள் ஒரு வெள்ளாடு சுகமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கழுத்தில் லோலா கடகடக்க, அவள் குனிந்து கையைத் தட்டினாள்.

"எந்திரி, எந்திரி! இது ஐஸ் ஃபேக்டரி!"