பழகிடும்

என் தம்பியின் சொந்தப் பெயர் வீட்டில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. 'பழகிடும்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவனுக்கு. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாராவது "தலை சுத்துற மாதிரி இருக்கே" என்று முகம் சுளித்தால், "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. பெரும்பாலும் உண்மையும் அதுதான். இவன் என்ன செய்தான் என்றால், கடையோடு விட்டுவிட்டு வர வேண்டிய சொல்லை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அப்பா இறந்த மாதம் அம்மா விடாமல் அழுதுகொண்டிருந்தாள். இவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பழகிடும்மா" என்றான். விட்டாள் பாருங்கள் ஒரு அறை! நான்தான் குறுக்கே விழுந்து பிரித்துவிட்டேன். ஆனால் பாவி சொன்னது பலித்தது. அம்மாவுக்குப் பழகித்தான் போயிற்று.

அவன் வேலை செய்கிற இடத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் பேசத் தோன்றும். கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை. லென்ஸை அரைக்கிற சக்கரத்தின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கீழே வெள்ளையாகக் குழம்பு மாதிரி தேங்கி நிற்கும். வேலை முடிந்த லென்ஸைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடிப்பான். விளக்கு வளையும், நீளும், மறுபடி நேராகும். சக்கரம் சுற்றுகிற சத்தத்தில் நான் எத்தனையோ மதியம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். அங்கே பகலும் இல்லை, மழையும் இல்லை, நேற்று இன்று என்று ஒன்றும் இல்லை.

அவன் பெண்டாட்டி வேறு ரகம். கல்யாணமாகி வந்த புதிதில், "ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியுது" என்று சொன்னாள். பழகிடும் என்றான். அம்மாவின் வாயைப் பொறுக்க முடியவில்லை என்று அழுதாள். அதற்கும் அதே மருந்து. அவளும் பழகிக்கொண்டாள். பிள்ளை குட்டி இல்லை. பள்ளிக்கூட வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்குகிற ஆயா வேலைக்குப் போனாள். ஒருநாள் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். பள்ளிக்கூடமே கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இவள் போய், "நான் கத்துக்கிட்டு ஓட்டட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். நாற்பது வயதில்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கற்றுக்கொண்டாள். காலையில் ஈரத்தலையோடு அந்த உயரமான சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் பின்னால் இருக்கிற குழந்தைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுப்பாள். அடுத்த தெருவிலிருந்து நாள் தவறாமல் அவர்கள் வீட்டுக்குப் போகிறவள் நான், அந்த முகத்தை அங்கே பார்த்ததே இல்லை.

பிறகுதான் அவளுக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது. குழந்தைகளுக்குச் சிரிப்பு வரட்டும் என்று ஆந்தை மாதிரி வட்ட ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தாள். லென்ஸைத் தம்பியே வெட்டிப் பொருத்திக் கொடுத்தான். அதை மாட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் வேறு ஏதோ ஊரில் நடப்பவள் மாதிரி நடந்தாள். தரை சாய்கிறதாம். கதவின் ஓரம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிகிறதாம். தெரு மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போக, மரங்களெல்லாம் குனிந்து அவளை என்னவோ கேட்கின்றனவாம். "சில நேரம் அழகாத்தான் இருக்கு அண்ணி. கனவுக்குள்ள நடக்குற மாதிரி. ஆனா கனவுல வண்டி ஓட்ட முடியாதே" என்றாள். தம்பியிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். அவன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்பதை நான் வேறு சொல்ல வேண்டுமா?

அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். தலைவலியோடு எழுந்தாள், தலைவலியோடு படுத்தாள். ஊரில் எல்லோருக்கும் ரெண்டு நாளில் பழகுகிற சங்கதி தனக்கு மட்டும் ஏன் பழகவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு காலை பள்ளிக்கூட வாசலில் வேனைத் திருப்பும்போது கேட் தூணில் இடித்துவிட்டாள். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கக் கண்ணாடி மட்டும் தெறித்து விழுந்தது. அவளுக்கோ உயிரே தெறித்துவிட்டது. "எனக்கு வயசாயிடுச்சு. நிதானம் போயிடுச்சு. இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தாள். அன்று மாலை முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வண்டி ஓட்டாம இருக்கிறதும் பழகிடும்" என்றான். எனக்கே அவனை அறைய வேண்டும்போல் இருந்தது.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. கண்ணாடியின் திருகு ஒன்று கழன்று ஆடுகிறது என்று என்னிடம் கொடுத்தனுப்பினாள். மழை பெய்துகொண்டிருந்தது. கடையில் கூட்டம் இல்லை. தம்பி திருகை முடுக்கினான். பிறகு சும்மா இருக்கிற கைக்கு வேலையாகக் கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பவர் பார்க்கிற மிஷினில் வைத்தான். குனிந்து பார்த்தவன் நிமிரவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி வைத்தான். மறுபடி முதல் பக்கம்.

"என்னடா?"

"மாத்திப் போட்டிருக்கேன்க்கா." கண்ணாடியை என் பக்கம் நீட்டினான். "வலது இடதுல, இடது வலதுல. பவர் ரெண்டும் ஒண்ணுதான், அது எந்தக் கோணத்துல நிக்கணுங்கிற சாய்வுதான் வேற வேற. வட்ட ஃபிரேமா, எங்க வச்சாலும் உக்காந்துடுச்சு."

மற்ற ஃபிரேம்களில் இந்தத் தப்பு நடக்காதாம். ஒரு பக்கத்து லென்ஸ் மறுபக்கத்தில் உட்காராது. வட்டத்துக்குத்தான் எந்தப் பக்கமும் ஒன்று. கடைக்கு வருகிறவர்களுக்கு என்றால் பேனாவால் குறி போட்டு, பொருத்தியபின் மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். இது வீட்டு ஆளுக்குத்தானே என்று பார்க்காமலே துடைத்துக் கொடுத்திருக்கிறான்.

"சரி விடு. மாத்திப் போட்டுக் குடு. அவளுக்கு எங்க தெரியப் போகுது? பாத்தியா பழகிடுச்சுன்னு சொல்லிடு. கதை முடிஞ்சது" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும், எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைக்க முடியுமா?

அவன் சக்கரத்தை நிறுத்தினான். அந்த அறையில் அத்தனை அமைதியை நான் கேட்டதில்லை. "அவ, தன் மேலதான் கோளாறுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காக்கா. நான் சொன்னேன்னு நம்பி, இதைப் போட்டுக்கிட்டே நடந்திருக்கா" என்றான். அழுதான். அப்பா போனபோதுகூட அழாதவன்.

லென்ஸ்களை மாற்றிப் பொருத்தி, கடையைப் பாதியில் விட்டுவிட்டு நனைந்துகொண்டே நடந்தான். இந்தக் கூத்தை விட்டுவிட முடியுமா? நானும் பின்னாலேயே போனேன்.

அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, பார்க்காமல் துடைத்துக் கொடுத்தது உட்பட.

"அப்போ தப்பு என் மேல இல்லையா?"

"இல்ல."

"எனக்கு வயசானதால இல்லையா?"

"இல்லம்மா. நான் பண்ணின தப்பு."

கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். தரையைப் பார்த்தாள். ஆழம் தெரியாத தண்ணீரில் கால் வைப்பவள்போல் ஒரு பாதத்தை மெல்ல இறக்கினாள், பிறகு மற்றதை. தரை அங்கேயே இருந்தது. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மழை வெளிச்சத்தில் அந்த அறையே கொஞ்சம் மிதப்பதாக எனக்குத் தோன்றியது, என் கண்ணிலும் ஏதோ கோளாறு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இதுல மட்டுந்தானா?"

"என்னது?"

"இத்தனை வருஷமா எத்தனையோ சொன்னீங்களே, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு. அதுலயெல்லாம் கோளாறு என் மேலதானா?"

தம்பி வாயைத் திறந்தான். எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும். வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "தெரியல. நீ ஒண்ணொண்ணா சொல்லு, பாப்போம்" என்றான்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "முதல்ல உங்க அக்கா" என்றாள், என்னை நேராகப் பார்த்து. "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. நம்ம வீட்டுக்கு ஒரு கதவு இருக்கு. அதை நீங்க தட்டி நான் கேட்டதே இல்ல. நான் புடவை மாத்துறேனா, அழுறேனா, தூங்குறேனா, ஒண்ணும் இல்ல. நேரா வந்து நிக்கிறீங்க."

எனக்கு வந்ததே கோபம்! நான் தூக்கி வளர்த்த தம்பியின் வீடு. அவன் எனக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தேன். "ஆமாக்கா" என்றான். குடையைக்கூட எடுக்காமல் வெளியேறினேன். இனி அந்த வாசப்படி மிதித்தால் என்னை என்னவென்று கேளுங்கள் என்று மழையிடம் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த மாதம் பிறந்து முதல் திங்கட்கிழமை காலை வேன் என் தெரு வழியாகப் போனது. திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்த உயரமான சீட்டில் அவள்தான். தெருவில் நின்ற தண்ணீரெல்லாம் வானமாகக் கிடக்க, அதன்மேல் வேன் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நான் இருக்கிற பக்கம் அவள் திரும்பவில்லை.

ரெண்டு வாரம் ரோஷத்தோடு இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் எனக்கும் அவர்களை விட்டால் யார்? போய் அந்தக் கதவின் முன் நின்றேன். பச்சைக் கதவு. இத்தனை வருஷத்தில் அதன் நிறத்தை நான் கவனித்ததில்லை. தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

தாழ்ப்பாள் விலகியது. அவள் சிரித்துக்கொண்டு, "வாங்க அண்ணி, உள்ள வாங்க" என்றாள்.

அந்த வீட்டில் அதுவரை என்னை யாரும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட நான் விட்டால்தானே.