தம்போலாவில் மாமி ஜெயித்த ஆட்டம்

இன்று மாலை அபிராமபுரத்தில் எங்கள் கிளப்பின் தம்போலா. அல்சைமர் நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத்தான்.

வழக்கம்போல எண்களை எடுத்துச் சொன்னவர் வெங்கடேசன் மாமா. டிக்கெட்டில் ஒரே ஒரு எண்ணைத் தப்பாக அடித்ததற்காகச் சொந்த அண்ணனையே பரிசில்லாமல் திருப்பி அனுப்பியவர்.

பையிலிருந்து எடுத்த எண் காயைப் பலகையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். மாமா இன்று அதைப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டார். நாற்பத்தேழு மூன்று முறை வந்தது.

"மாமா, நாப்பத்தேழுக்கு மட்டும் ஸ்பெஷல் தரிசனமா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

நான்காம் முறை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

என் பக்கத்தில் இருந்த அவர் மனைவி சட்டென்று கையைத் தூக்கி, "ஃபுல் ஹவுஸ்" என்றார். டிக்கெட்டில் எல்லா எண்களையும் அடித்து முடித்தால்தான் அப்படிச் சொல்ல வேண்டும்; அவர் டிக்கெட்டில் ஆறு எண்கள் அடிக்கப்படாமலே இருந்தன.

மாமா இறங்கி வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டிக்கெட்டை நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு."

மாமி தலை நிமிரவில்லை. "ஆட்டத்தை நிறுத்தத்தான் சொன்னேன். எப்படியும் கண்டுபிடிச்சுடுவார்னு நினைச்சுண்டிருந்தேன்," என்றார் என்னிடம்.

பரிசு ஒரு குக்கர். மாமாவே சிரித்தபடி எடுத்துக் கொடுத்தார். நாங்கள் கைதட்டினோம். வேறு என்ன செய்திருக்கலாம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.