பின்சந்தில் முளைத்த சேம்பு

செனாய் ஊரில் அந்த வரிசை வீடுகளில் யாரும் சந்திரமதியை நல்ல மனுஷி என்று சொன்னதில்லை. அவளும் அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டதில்லை. சிம்பாங் ரெங்கம் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடிந்த கையோடு செனாய்க்கு வந்து, மின்சாரப் பிளக் செய்யும் தொழிற்சாலையில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள். ஒருநாள் தொழிற்சாலையை மூடினார்கள். கொஞ்ச காலத்தில், பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் அர்ச்சுனனும் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு அவளுக்கென்று இருந்தது வீட்டுக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டிக் கிடந்த அரசாங்கத்து நிலத்துண்டு ஒன்றுதான்.

அதில் கருவேப்பிலை, முருங்கை, சுண்டை எல்லாம் வைத்தாள். சாக்கடையோர ஈரத்தில் சேம்பு தழைத்தது. கேட்டால் கொடுப்பாள். கேட்காமல் ஓர் இணுக்குக் கருவேப்பிலை ஒடித்தாலும் தெருவே கேட்கக் கத்துவாள்.

பக்கத்து வீட்டுக்கு ஹேமநாதன் குடும்பம் வந்தது. அவனும் மனைவி லோஷினியும் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார்கள். பகலெல்லாம் ஹேமநாதனின் அப்பா சபாபதிதான் தனியாக இருப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேப்பரில் படித்ததைச் சந்திரமதிக்குச் சொல்வார். அவள் நறுக்கென்று ஏதாவது சொன்னால் சிரிப்பார். அவளிடம் சிரித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். அவருக்காக அவ்வப்போது ஒரு கட்டுச் சேம்பந்தண்டு வேலியைத் தாண்டிப் போகும்.

லோஷினி டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தாள். அடுத்த வாரமே நகராட்சி ஆட்கள் மண்வாரி இயந்திரத்தோடு பின்சந்துக்கு வந்துவிட்டார்கள். முருங்கை சாய்ந்தது. சேம்பு வேரோடு போனது. சந்திரமதி நடுவில் நின்று கத்தியும் யாரும் நிறுத்தவில்லை.

"நான்தான் ரிப்போர்ட் பண்ணேன் ஆண்ட்டி," என்றாள் லோஷினி, வேலியோரம் வந்து. "ஒளிக்க ஒண்ணுமில்ல. செத்துப் பொழச்சு வந்திருக்கேன் லா. உங்க சேம்பு எலையில எல்லாம் தண்ணி நிக்குது, கொசு வருது."

"சேம்பு எலையில தண்ணி நிக்குமாடி? உருண்டு ஓடிரும். அதுகூடத் தெரியல, ரிப்போர்ட் பண்ணப் போயிட்டா!"

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சபாபதி மட்டும் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் தயங்கியபடியே கேட்டார். "சேம்பந்தண்டுக் குழம்பு சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு. எங்கயாச்சும் கெடைக்குமா தங்கச்சி?"

"உங்க மருமககிட்ட கேளுங்கண்ணே. அவதான வாரி எறிஞ்சா," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மழை பெய்ததும் சாக்கடையோரத்தில் மறுபடி பச்சை தலைகாட்டியது. முதலில் சந்திரமதிக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. இலை விரிந்த பிறகு கிட்டப் போய்ப் பார்த்தாள். சேம்பு இல்லை. மலாய்க்காரர்கள் பீரா என்று சொல்லும் காட்டுச் செடி. எங்கிருந்தோ வந்த கிழங்குத் துண்டு, காலியான மண்ணில் வேர்பிடித்திருந்தது. சேம்பு இலையில் காம்பு, இலையின் முதுகில் விளிம்பைவிட்டு உள்ளே தள்ளிச் சேரும், இலை தொங்கும். இதில் காம்பு சரியாக இலையின் பிளவிலேயே சேர்ந்திருந்தது. இலை பளபளவென்று வானத்தைப் பார்த்து நின்றது. தின்றால் வாயும் தொண்டையும் ஊசி குத்தியதுபோல் எரிந்து வீங்கிவிடும். அவள் பிறந்த தோட்டத்தில் பன்றிக்குக்கூட நன்றாக வேகவைத்துத்தான் போடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சந்திரமதி குசினி ஜன்னலருகே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். லோஷினி கத்தியோடு பின்சந்தில் இறங்கி, அந்தச் செடியின் முன்னால் குனிந்தாள். நிமிர்ந்தபோது ஜன்னலில் சந்திரமதியின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன பாக்கறீங்க? இது அரசாங்கத்து நெலம்தான?"

சந்திரமதிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஆமா, அரசாங்கத்து நெலம்தான். வெட்டு. நல்லா வெட்டு."

லோஷினி தண்டுகளை வெட்டி அள்ளிக்கொண்டு போனாள். கை அரிக்கும், தூக்கி எறிவாள், நல்லா வேணும் என்று சந்திரமதி நினைத்துக்கொண்டாள். மதியம் பக்கத்து வீட்டிலிருந்து புளியும் கருவாடும் கொதிக்கும் வாசனை வந்தது. அப்போதும் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஒரு வாய் வைத்ததும் துப்பிவிடுவாள், படட்டும் என்று ஜன்னலைச் சாத்தினாள்.

ஆனால் முதல் தட்டு சபாபதிக்குத்தான் போயிருந்தது. ஆசைப்பட்டதைக் கேட்டுச் செய்து கொடுத்த மருமகளைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று, நாக்கு எரிந்தும் அவர் கையிலிருந்த கவளத்தை விழுங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் லோஷினியின் அலறல் கேட்டது. சந்திரமதி வாசலுக்கு ஓடிவந்தபோது, கிழவர் கழுத்தைப் பிடித்தபடி, எச்சில் வழிய, மகன் தோளில் தொங்கிக்கொண்டு காரில் ஏறினார். நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை.

மறுநாள் மாலை ஹேமநாதன் அவள் வீட்டுக் கேட்டைப் பிடித்து உலுக்கினான். "வெளிய வாங்க! எங்கப்பாக்கு வெஷம் வச்சிட்டு உள்ள உக்காந்திருக்கீங்களா?"

தெரு கூடிவிட்டது. சந்திரமதி பின்னால் போய் ஓர் இலையை அறுத்து வந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நானா நட்டேன்? என் சேம்ப வாரி எறிஞ்சீங்க, இது மொளச்சிருச்சு. காம்பு எங்க சேருதுன்னு பாரு. சேம்புல இப்பிடி இருக்குமா? கண்ணு இருந்தா தெரியும்!"

லோஷினி இலையைப் பார்க்கவில்லை. சந்திரமதியைத்தான் பார்த்தாள். "அப்ப உங்களுக்குத் தெரியும். நான் வெட்டுறப்பவே தெரியும்."

கூடியிருந்தவர்கள் சந்திரமதி பக்கம் திரும்பினார்கள்.

"தெரியும்," என்றாள் சந்திரமதி.

"தெரிஞ்சே வெட்டுன்னு சொன்னீங்க."

"நீதானடி அரசாங்கத்து நெலம்னு சட்டம் பேசின?"

லோஷினி அந்த இலையைப் பிடுங்கிக் கசக்கி அவள் மேலேயே எறிந்தாள். சாறு பட்ட கழுத்து ராத்திரி முழுக்க அரித்தது. போலீசில் புகார் கொடுத்தார்கள். தானாக முளைத்த செடிக்கு யார் மேல் வழக்குப் போடுவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரிசை வீட்டுக்காரர்கள் அவளைக் கண்டால் நடையை எட்டிப் போட ஆரம்பித்தார்கள்.

சபாபதி பிழைத்து வந்தார். குரல் கரகரத்துப் போயிருந்தது. கஞ்சி மட்டும்தான் இறங்கியது. மகனும் மருமகளும் இல்லாத நேரம் பார்த்துச் சந்திரமதி வேலியோரம் போய் நின்றாள்.

"அண்ணே, உங்கள நெனச்சு செய்யல. அவ கை அரிக்கட்டும்னுதான்…"

பேசும்போது அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார்.

"என் மருமகளுக்குத் தெரியாது. அவளத் திட்டவும் எனக்கு மனசு வரல. ஆனா சேம்பந்தண்டு கேட்டது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமே, தங்கச்சி. உங்ககிட்டதான மொதல்ல கேட்டேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியை இழுத்துத் திருப்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மறுவாரம் ஹேமநாதன் வேலி நெடுகத் தகரம் அடித்தான். பொங்கலுக்கு முன்னால் பெரியவரை, பாசிர் கூடாங்கிலிருக்கும் மகள் பிரேமலா வந்து அழைத்துக்கொண்டு போனதை அவள் கார் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டாள்.

லோஷினியை நினைத்தால் சந்திரமதிக்கு இன்றும் வயிறு எரிகிறது. எதிரே வந்தால் இருவரும் காறித் துப்பிக்கொள்கிறார்கள். சாயங்காலம் மட்டும், தகரத்துக்கு அந்தப் பக்கம் சபாபதியின் பேப்பர் புரளும் சத்தம் இனி கேட்காத அந்த நேரத்தில், அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுக் குசினியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.